குழாய் திறந்தது, நோயாளி தேறவில்லை: கிளாசோசென்டன் – ஒரு நிகழ்வு ஆய்வு

"மூளையில் நரம்பு வெடித்துவிட்டது" என்று நம் ஊரில் சொல்வார்கள். உண்மையில் வெடிப்பது ரத்தக்குழாய். மூளையின் அடிப்பக்கத்தில் ஓடும் தமனியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, சின்னக் குமிழ் போலப் புடைத்து நிற்கும். அனியூரிசம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. அது கிழியும் நாளில், வாழ்நாளில் பார்த்திராத ஒரு தலைவலி நொடியில் உச்சத்துக்கு ஏறும். கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு. சிலர் மயங்கி விழுவார்கள், சிலர் ஆஸ்பத்திரி வரும் முன்பே இறந்துபோவார்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளுக்கு நடுவே, மூளைநீர் நிற்கும் இடமெல்லாம் ரத்தம் பரவிவிடுகிறது. இதன் பெயர் சப்-அரக்னாய்டு ரத்தக்கசிவு.

உயிரோடு வந்து சேர்ந்தவருக்கு, மண்டையைத் திறந்து கிளிப் போட்டோ, தமனிக்குள் குழாய் விட்டு மெல்லிய கம்பிச்சுருளான காயில் வைத்தோ குமிழை அடைத்தாயிற்று என்றால், கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் குடும்பம் நினைக்கும். நோயாளி கண் திறந்து பேசுவார், கஞ்சி குடிப்பார். அப்புறம் ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ பேச்சு குழறும். ஒரு கை சோர்ந்து விழும். அல்லது காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் தூங்கி வழிவார். ஸ்கேன் எடுத்தால் புதிய கசிவு எதுவும் இருக்காது. ஆனால் மூளையின் ஒரு பகுதி போதிய ரத்தம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கும். கசிவிலிருந்து தப்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த இரண்டாவது அடி விழுகிறது.

இதைத் தடுக்க நடந்த முயற்சிகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று கிளாசோசென்டன் என்ற மருந்தைச் சுற்றி நடந்தது. அதன் தர்க்கம் அவ்வளவு நேரானது, முதல் முடிவு அவ்வளவு பளிச்சென்றது. அது எங்கே தடுக்கியது என்று நிதானமாகப் பார்த்தால், இந்த நோயில் நாம் எதைத் தடுக்க முயல்கிறோம் என்ற கேள்வியே மாறிப்போகிறது.

படத்தில் தெரிந்த எதிரி

1951-இல் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் ஆர்தர் எக்கரும் பால் ரீமன்ஷ்னைடரும், தமனிக்குள் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படங்களில் (ஆஞ்சியோ), கசிவுக்குப் பிறகு மூளைத் தமனிகள் இழை போல ஒடுங்கி நிற்பதைக் காட்டினார்கள். வேசோஸ்பாசம், அதாவது ரத்தக்குழாய்ச் சுருக்கம், என்ற சொல் இந்த நோயோடு ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். பின்னால் அதன் கால அட்டவணையும் பிடிபட்டது. மூன்றாம் நாளை ஒட்டித் தொடங்கும், ஒரு வாரத்தில் உச்சம் தொடும், இரண்டு மூன்று வாரத்தில் தளர்ந்துவிடும். 1980-இல் மில்லர் ஃபிஷரும் அவரோடு வேலை செய்தவர்களும் 47 நோயாளிகளின் சி.டி. ஸ்கேனை ஆராய்ந்து, ரத்தம் எங்கே தடிமனாக உறைந்து கிடக்கிறதோ அங்கேதான் குழாய் கடுமையாகச் சுருங்குகிறது என்று எழுதினார்கள். எவருக்குச் சுருக்கம் வரும் என்பதை முதல் நாள் ஸ்கேனிலேயே ஓரளவு கணிக்க முடிந்தது. 1982-இல் ரூனே ஆஸ்லித், மண்டையோட்டின் மேலே வைத்த அல்ட்ராசவுண்டு முனையால் உள்ளே ஓடும் ரத்தத்தின் வேகத்தை அளந்து காட்டினார். குழாய் ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும். நடு மூளைத் தமனியில் நொடிக்கு 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவலை, 200-ஐத் தாண்டினால் கடுமை என்ற கணக்கு இன்றும் வார்டுகளில் புழங்குகிறது.

எதிரி கண்ணுக்குத் தெரிந்தான், அவன் வரும் நாள் தெரிந்தது, வரும் இடமும் தெரிந்தது. குழாய் சுருங்குகிறது, அதனால் மூளை சாகிறது, ஆகவே குழாயைத் திறந்தால் மூளை பிழைக்கும். மூன்று வரித் தர்க்கம். இதை அன்றைக்கு யாரும் சந்தேகிக்காததைக் குறையாகச் சொல்ல முடியாது.

சுருக்குகிற பொருள்

1988-இல் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவா, தோமோ மசாகி குழுவினர் பன்றியின் தமனி உள்சுவர்ச் செல்களிலிருந்து எண்டோதீலின் என்ற சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 21 அமினோ அமிலங்கள்தான். ஆனால் ரத்தக்குழாயை இறுக்குவதில் அதற்கு இணையான பொருட்கள் மிகக் குறைவு. ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது.

இது மூளைக் கசிவோடு கச்சிதமாகப் பொருந்தியது. வெளியே சிந்திய சிவப்பணுக்கள் சில நாட்களில் சிதையும். அதிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபின், குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் கவர்ந்துகொள்ளும். எண்டோதீலின் சுரப்பையும் தூண்டிவிடும். தளர்த்துகிறவன் போய்விட்டான், இறுக்குகிறவன் வந்துவிட்டான். சிவப்பணு சிதைய நாள் பிடிப்பதால்தான் சுருக்கமும் உடனே வராமல் தாமதித்து வருகிறது என்று கால அட்டவணைக்கும் விளக்கம் கிடைத்தது. அப்படியானால் குழாய்ச் சுவரின் செல்களில் எண்டோதீலின் வந்து உட்காரும் இடத்தை, அதாவது ஏற்பியை, முன்கூட்டியே அடைத்துவிட்டால்? சுவிட்சர்லாந்தின் ஆக்டேலியன் நிறுவனம் கையில் எடுத்த கிளாசோசென்டன் அந்த வேலைக்கென்றே வந்தது. சிரை (கை ரத்தநாளம்) வழியாகத் தொடர்ந்து சொட்ட விடுகிற மருந்து.

நான்கு சோதனைகள்

முதல் பெரிய சோதனைக்குக் கான்ஷியஸ்-1 என்று பெயர். 413 நோயாளிகள். முடிவு 2008-இல் வந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்குக் குழாய்கள் மிதமாகவோ கடுமையாகவோ சுருங்கின. மணிக்கு 15 மில்லிகிராம் கிளாசோசென்டன் ஏறியவர்களில் அது 23 சதவீதம். மருந்தின் அளவு கூடக் கூடச் சுருக்கம் படிப்படியாகக் குறைந்தது. இந்தத் துறையில் இப்படி ஒரு வித்தியாசத்தைக் காண்பது அபூர்வம். இறப்பிலும் பாதிப்பிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதைக் காட்டும் அளவுக்கு அந்தச் சோதனை பெரியதும் இல்லை. ஆகவே அடுத்ததைப் பெரிதாக நடத்துவது என்று முடிவானது.

கான்ஷியஸ்-2 கிளிப் போட்ட நோயாளிகளிடம் நடந்தது. 1157 பேர். மருந்து மணிக்கு 5 மில்லிகிராம். 2011-இல் முடிவு வெளியானது. ஆறு வாரத்துக்குள் இறந்தவர்களையும், சுருக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால் மருந்துக் குழுவில் 21 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 25 சதவீதம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் அது. இன்னொரு கணக்கு மனதை உறுத்துவது. மூன்று மாதம் கழித்து, நல்ல நிலைக்குத் திரும்பாதவர்கள் மருந்துக் குழுவில் 29 சதவீதம், மற்றதில் 25 சதவீதம். நுரையீரல் சிக்கல்கள், ரத்தசோகை, பி.பி. இறங்குவது ஆகிய மூன்றும் மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தன.

காயில் வைத்தவர்களுக்கான கான்ஷியஸ்-3 இதனால் பாதியிலேயே நின்றது. 1500 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். சேர்ந்தவர்கள் 577 பேர். இருந்த தரவை ஆராய்ந்தபோது இந்த நிகழ்வின் நடுநாயகமான புதிர் வெளிப்பட்டது. மணிக்கு 15 மில்லிகிராம் பெற்றவர்களில், சுருக்கம் சார்ந்த பாதிப்பும் இறப்பும் சேர்ந்து 27 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தன. நல்ல குறைவு. ஆனால் மூன்று மாத முடிவில் மோசமான நிலையில் இருந்தவர்கள் போலி மருந்தில் 24 சதவீதம், 15 மில்லிகிராமில் 28 சதவீதம். சுருக்கத்தோடு நடந்த சண்டையில் மருந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. அந்த ஜெயம் வீடு திரும்பியவரின் நடையிலும் பேச்சிலும் தெரியவில்லை.

ஆக்டேலியன் கைமாறிய பின் அதிலிருந்து பிரிந்த இடோர்சியா நிறுவனம் மறுபடி முயன்றது. இம்முறை தடிமனான ரத்த உறைவு உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, 15 மில்லிகிராம் அளவில், 409 பேரிடம். 2023-இல் முடிவு வந்தது. தாமத ரத்தக்குறைவால் நிலை மோசமானவர்கள் மருந்துக் குழுவில் 15.8 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 17.2 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

எங்கே தடுக்கியது

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதும் பி.பி. இறங்கியதும் மருந்து தந்த நன்மையைத் தின்றுவிட்டன என்பது ஒரு விளக்கம். இதில் நியாயம் உண்டு. சுருங்கிய குழாய் வழியே ரத்தம் போவது பி.பி.யின் தள்ளுவிசையால்தான். குழாயைக் கொஞ்சம் விரித்துவிட்டுத் தள்ளுவிசையைக் குறைத்தால் மூளைக்குப் போய்ச் சேரும் ரத்தம் கூடியதா குறைந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? போலி மருந்துக் குழுவில் இருந்தவர்களையும் யாரும் கைவிடவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்களுக்குச் சுருக்கம் வந்தபோது பி.பி.யை உயர்த்தி, தேவைப்பட்டால் குழாய்க்குள் பலூன் விட்டு விரித்து, மருத்துவர்கள் போராடியிருக்கிறார்கள். அதனால் இரு குழுக்களுக்கும் இடையிலான தூரம் சுருங்கியிருக்கும்.

இவை இரண்டும் சரி. ஆனால் எனக்கு இன்னும் கனமாகப் படுவது மூன்றாவது விளக்கம்: ஆஞ்சியோ படத்தில் தெரியும் பெரிய குழாயின் சுருக்கம், மூளை சாவதற்கான காரணங்களில் ஒன்று மட்டுமே. படத்தில் தெரியாத நுண்குழாய்களும் இறுகுகின்றன. அவற்றில் குட்டிக்குட்டி ரத்த உறைவுகள் அடைக்கின்றன. குமிழ் வெடித்த அந்த முதல் நிமிடங்களிலேயே மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளைத் திசு அடிவாங்கிவிடுகிறது. அப்புறம் மூளைப் புறணியில் மெல்லப் பரவும் ஒரு மின் அலை இருக்கிறது. 1944-இல் பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியோ விலங்குகளின் மூளையில் இதை முதலில் விவரித்தார். அலை கடந்து போகும்போது நரம்புச் செல்கள் தங்கள் மின்னூட்டத்தை இழந்து அணைந்துவிடும். நலமான மூளையில் அந்நேரம் ரத்தஓட்டம் கூடி செல்களை மீட்டெடுக்கும். கசிவால் அடிபட்ட மூளையில் நேர்மாறாகக் குழாய்கள் இறுகிப் பட்டினி போடும். ஜென்ஸ் டிரையர் குழுவினர் 2006-இல் 18 நோயாளிகளின் மூளை மேல் மின்முனைகள் வைத்துப் பதிவு செய்து, இந்த அலைகள் கொத்துக் கொத்தாக வருவதற்கும் தாமதமாக மூளை சாவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள்.

இந்தக் குறிப்பு 1993-லேயே கிடைத்திருந்தது என்பதுதான் வருத்தம். நிகார்டிபின் என்ற மருந்தை 906 பேரிடம் சோதித்தார்கள். அறிகுறியோடு வந்த சுருக்கம் 46 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரு குழுவும் ஒன்றுபோலவே இருந்தன. அதே புதிர், கான்ஷியஸ்-1 முடிவுக்குப் பதினைந்து ஆண்டு முன்னால்.

2010-இல் நிபுணர்கள் பலர் சேர்ந்து வரையறையையே திருத்தி எழுதினார்கள். படத்தில் தெரியும் சுருக்கம் வேறு, தாமத மூளை ரத்தக்குறைவு வேறு என்று பிரித்தார்கள். தாமத மூளை ரத்தக்குறைவு என்றால், புதிதாக உடல் பலவீனம் அல்லது பேச்சுக் கோளாறு, இல்லையென்றால் நினைவு மட்டத்துக்கான கிளாஸ்கோ கணக்கில் குறைந்தது 2 புள்ளி இறக்கம், அது ஒரு மணி நேரமாவது நீடிக்க வேண்டும், வேறு காரணம் இருக்கக் கூடாது. இனி சோதனைகளில் இதையும், ஸ்கேனில் செத்த திசுவையும், நோயாளியின் செயல்திறனையும் எண்ணுங்கள் என்றார்கள்.

திறக்காமல் காத்த மருந்து

இதற்கு எதிர்முனையில் நிற்கிறது நிமோடிபின். கால்சியம் வாயில்களை அடைக்கும் மாத்திரை. 1983-இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், சுருக்கத்தால் கடுமையான பாதிப்பு அடைந்தவர்கள் போலி மாத்திரை பெற்ற 60 பேரில் 8 பேர், நிமோடிபின் பெற்ற 56 பேரில் ஒருவர். 1989-இல் ஜான் பிக்கார்டு தலைமையில் பிரிட்டனின் நான்கு மையங்கள் 554 பேரிடம் சோதித்தன. மூளைத் திசு செத்துப்போனது 33 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது. மோசமான முடிவு 33-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

இதையும் குழாயைத் திறக்கும் என்ற நம்பிக்கையில்தான் தொடங்கினார்கள். ஆனால் ஆஞ்சியோ படங்களில் பெரிய குழாய்கள் குறிப்பிடும்படி விரியவில்லை. நுண்குழாய்களிலா, நரம்புச் செல்லுக்குள் கால்சியம் பாய்வதைத் தடுப்பதிலா, அந்த மின் அலைக்குப் பின் வரும் இறுக்கத்தைத் தளர்த்துவதிலா, எங்கே வேலை செய்கிறது என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்த மருந்து நோயாளியைத் தேற்றவில்லை, திறக்காத மருந்து தேற்றியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த நிகழ்வின் சாரம் என்று நினைக்கிறேன்.

இந்த எளிய மாத்திரையிலும் ஒரு பெரிய கண்ணி இருந்தது. அமெரிக்காவில் அது திரவம் நிறைந்த கேப்ஸ்யூலாக வந்தது. விழுங்க முடியாத நோயாளிக்கு ஊசியால் கேப்ஸ்யூலைத் துளைத்துத் திரவத்தை உறிஞ்சி, மூக்குக்குழாய் வழியே கொடுப்பார்கள். ஊசிக் குழலில் மருந்து, பக்கத்தில் சிரையில் ஏறும் குழாய். கைதவறி அதில் ஏற்றிவிட்டால் பி.பி. சரிந்து இதயம் நின்றுவிடலாம். 1989 முதல் 2009 வரை இந்த மருந்து தொடர்பான 31 தவறுகளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டறிந்தது. அதில் 25 சிரை வழி தொடர்பானவை. 4 பேர் இறந்தார்கள். 2013-இல் வாய்வழித் திரவம் அனுமதிக்கப்பட்டது.

மற்ற முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெக்னீசியத்தை 1204 பேரிடம் சோதித்தார்கள் (2012), கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்தான சிம்வாஸ்டாடினை 803 பேரிடம் (2014). இரண்டும் பயன் தரவில்லை. சுருங்கும் முன்பே பலூன் விட்டு விரித்துவிடலாமா என்று 170 பேரிடம் முயன்றது 2008-இல் வெளிவந்தது. நான்கு பேருக்குக் குழாய் கிழிந்தது, மூவர் இறந்தார்கள். சுருக்கம் வந்த பின் பலூன் பயன்படுத்துவது வேறு விஷயம், அதற்கு இன்றும் இடம் உண்டு.

ஜப்பான் மட்டும் வேறு வழியில்

ஜப்பானில் நிமோடிபினுக்கு அனுமதி இல்லை. அங்கே 1990-களிலிருந்து ஃபாசுடில் என்ற மருந்து புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பின்புலத்தில், மணிக்கு 10 மில்லிகிராம் கிளாசோசென்டனை இரண்டு சோதனைகளில் தலா 221 பேரிடம் பார்த்தார்கள். சுருக்கம் சார்ந்த பாதிப்பும் இறப்பும் காயில் வைத்தவர்களில் 28.8 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாகவும், கிளிப் போட்டவர்களில் 39.6-லிருந்து 16.2 சதவீதமாகவும் குறைந்தன. 2022 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அங்குள்ள மருத்துவர்கள் நுரையீரலில் நீர் கோக்காமல் திரவக் கணக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறார்கள். நிமோடிபின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கும் அது இல்லாத நோயாளிக்கும் இந்த மருந்து ஒரே பலனைத் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜப்பானிய எண்களை அப்படியே நம் வார்டுக்குக் கொண்டுவருவது சரியில்லை என்பது என் எண்ணம்.

ரத்தத்தையே வெளியேற்றுவது

ஃபிஷர் 1980-இல் சொன்னது உறைந்த ரத்தத்தைப் பற்றி. நாற்பது ஆண்டுகள் நாம் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா மையங்களில் 287 பேரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த எர்லிட்ரெயின் சோதனை ரத்தத்தின் பக்கம் திரும்பியது. குமிழை அடைத்த பின் இடுப்பு முதுகெலும்பில் மெல்லிய குழாய் வைத்து, மணிக்கு 5 மில்லிலிட்டர் வீதம் ரத்தம் கலந்த மூளைநீரை வெளியே விட்டார்கள். ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் 44.8 சதவீதத்திலிருந்து 32.6 சதவீதமாகக் குறைந்தார்கள். எந்த ஏற்பியையும் அடைக்கவில்லை, எந்தக் குழாயையும் விரிக்கவில்லை. குழாய், நுண்குழாய், மின் அலை என்று எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மூலத்தைக் குறைத்ததால் பலன் கிடைத்தது என்று படிக்கலாம். கிளாசோசென்டன் கதையோடு சேர்த்துப் படித்தால் இந்த முடிவு இன்னும் பொருள்படுகிறது.

இன்று படுக்கை ஓரத்தில்

2023-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் நிமோடிபினை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஸ்டாடினும் மெக்னீசியமும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. முன்னெச்சரிக்கையாகவே திரவத்தை நிரப்பி பி.பி.யை ஏற்றும் பழைய பழக்கத்தையும் வேண்டாம் என்கிறது. உடலில் நீர் குறையவும் கூடாது, அளவுக்கு மீறவும் கூடாது.

சோடியம் இறங்குவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. மற்ற வார்டுகளின் பழக்கத்தில் "தண்ணீரைக் குறையுங்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. 1985-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வில், அப்படித் தண்ணீர் கட்டுப்படுத்தப்பட்ட 26 பேரில் 21 பேருக்கு மூளைத் திசு செத்தது. சிறுநீர் வழியே உப்பும் நீரும் சேர்ந்தே போய்க்கொண்டிருக்கும் நோயாளி அவர். உப்பைக் கொடுக்க வேண்டுமே தவிர நீரைப் பிடுங்கக் கூடாது.

நிமோடிபின் கணக்கு 60 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும் என்பதால்தான் இந்த நெருக்கம். ஒரு நோயாளிக்கு 126 வேளை, 30 மில்லிகிராம் மாத்திரையாக 252. பி.பி. இறங்கினால் நிறுத்துவதை விட, 30 மில்லிகிராமாக இரண்டு மணிக்கு ஒருமுறை பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின் ஓடிக்கொண்டிருந்தால் அது நிமோடிபினின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், மருத்துவரிடம் கேட்டு மாற்று மருந்து யோசிக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணி வேளையும் காலை ஆறு மணி வேளையும் தூக்கத்தில் தவறிப்போக வாய்ப்புள்ளவை. 21 நாள் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர் என்றால், மீதி நாட்களுக்கான மாத்திரைகளைக் கையில் கொடுத்து, அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்கச் சொல்லிக் கூட இருப்பவரிடம் நேரத்தை எழுதியே தர வேண்டும்.